பத்தரை மாற்று விசுவாசம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்காவிட்டால் இந்தக் கதை நகரமாட்டேன் என்கிறது. ஆகவே, முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் மகுடவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராஜா நல்லவர்தான். குடிகளைக் கசக்கிப் பிழியமாட்டார், காரணமில்லாமல் படையெடுக்கமாட்டார். ஆனால் ஒரு எண்ணம் மனதில் விழுந்துவிட்டால், வேறொன்று வந்து அதைத் தள்ளும்வரை அங்கேயே கிடக்கும். அதுவரை அரண்மனையில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அவருடைய சபையில் உலகளந்தான் என்று ஒரு விகடன் இருந்தான். பெயர்தான் அப்படி. ஆள், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்றால் தெரியமாட்டான். பல வருஷமாக ராஜாவைச் சிரிக்கவைப்பதே அவன் உத்தியோகம். அது லேசான வேலை என்று நினைப்பவர்கள், பல்வலியோடு காலையில் எழுந்துபோய், தலைவலியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ராஜாவைச் சிரிக்கவைத்துப் பார்க்கட்டும். இந்தக் கதை நடந்த சமயத்தில் உலகளந்தான் ரொம்பவே அலுத்துப்போயிருந்தான். சிரிப்பு மூட்டுகிற வாயைத் திறந்தால் கொட்டாவிதான் முதலில் வந்தது.

ஒருநாள் ராஜா ஊஞ்சலில் சாய்ந்தபடி அயல்நாட்டுத் தூதரிடம் தம் நாட்டின் பெருமையை விவரித்துக்கொண்டிருந்தார். எங்கள் நாட்டு இரும்புக்கு ஈடே இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஊஞ்சல் சங்கிலியில் ஒரு வளையம் தெறித்தது. ராஜா வாய் நிறைய வெற்றிலையோடு தரையில் விழுந்தார். தூதர் பெரிய மனிதர், சுவரில் இருந்த சித்திரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய விசிறிக்காரன்தான் சிரித்துத் தொலைத்தான்.

சங்கிலி செய்த கொல்லனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “ஒரு வளையத்தை எடுத்துச் சோதித்தேன், அரசே. நன்றாக இருந்தது. மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்” என்றான் அவன்.

“நம்பினாயா?” என்றார் ராஜா. அவ்வளவுதான். அன்றுமுதல் அந்தச் சொல்லே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோதனைச்சாலை எழுந்தது. இனிமேல் எந்தப் பொருளும் சோதனைச்சாலையின் முத்திரை இல்லாமல் அரண்மனைக்குள் நுழையக்கூடாது, முறை தவறிச் சோதித்தால் அந்த முத்திரை செல்லாது என்று உத்தரவு. அதற்குத் தலைவராக வந்தவர் வச்சிரநாதர். அவரைப் பற்றி நான் கெட்டது சொல்லப்போகிறேன், ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மனிதருக்குத் தொழில் தெரியும். வெண்கலத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடி நாதத்தைக் கேட்டே ஈயம் கூடுதலா, செம்பு கூடுதலா என்று சொல்லிவிடுவார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து அரத்தால் ராவி அதன் உறுதியைக் கண்டுபிடிப்பார். பட்டுதானா என்று பார்க்க ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்தி முகர்வார். மயிர் கருகிய நாற்றம் வந்தால் பட்டு, காகிதம் கருகிய வாசனை வந்தால் பருத்தி. கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கல்லின் மேல் கல்லாக ஏற்றி, எந்தக் கல்லில் அறுகிறது என்று பார்ப்பார்.

இவ்வளவும் தெரிந்தவருக்கு ராஜா ஒரு கட்டளை போட்டார். “ஒன்றைப் பார்த்து மற்றதை நம்பாதீர். எது வந்தாலும் முழுவதையும் சோதியும்.”

இது நடக்காத காரியம் என்று வச்சிரநாதருக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். புதுப் பதவி, புதுச் சால்வை. “உத்தரவு, மகாராஜா” என்று குனிந்துவிட்டார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மகாராணிக்கு வந்த பட்டுப்புடவைகள் இழை விடாமல் கொளுத்தப்பட்டன. எல்லாமே அசல் பட்டுதான் என்று சாம்பலுக்கு முத்திரை வைத்து அந்தப்புரத்துக்கு அனுப்பினார்கள். யானைக் கொட்டாரத்துக்கு வந்த கயிறுகளை எல்லாம் அறுகிறவரை பாரம் ஏற்றி, உயர்ந்த ரகம் என்று சான்று எழுதி, துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். கட்டக் கயிறில்லாமல் யானைகள் தோட்டத்து வாழையை எல்லாம் தின்று தீர்த்தன. ஓட்டுக்காரன் கொண்டுவந்த ஓடுகளைச் சுத்தியலால் அடித்துப் பார்த்து, நல்ல கெட்டி என்றார்கள். அந்த மழைக்காலத்தில் அரண்மனை முழுக்க ஒழுகியது. முத்திரை வைக்கிற மெழுகுக்கு மட்டும் நல்ல கிராக்கி.

யாரும் ராஜாவிடம் சொல்லவில்லை. உலகளந்தானுக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் ஒழுகுகிற கூரையின் கீழே தினமும் நின்று விகடம் சொல்லவேண்டியவன் அவன்தான். தலையில் நீர் கோத்துக்கொண்டது. சரி, தொலைகிறது என்று ஒருநாள் மடைப்பள்ளிக்குப் போனான். தலைமைச் சமையற்காரன் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, வடிக்கலாம் என்று கையைக் காட்டினான்.

“நில்” என்றான் உலகளந்தான். “ஒன்றைப் பார்த்து மற்றதை நம்புகிறாயா? ராஜாவின் கட்டளை தெரியாதா? பானையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பு.”

ராஜாவின் பேரைச் சொன்னதும் சமையற்காரன் பானையை இறக்கி அனுப்பிவிட்டான். சோதனைச்சாலை ஆட்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நசுக்கினார்கள். ராஜா இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்தது. வெயில் முற்றத்தைக் கடந்து எதிர்ச் சுவரில் ஏறியது. கடைசியில் பானை வந்தது. உள்ளே பசை இருந்தது.

“இது என்ன?” என்றார் ராஜா.

“சோறு, அரசே. முழுவதும் சோதிக்கப்பட்டது. வேகாத பருக்கை ஒன்றுகூட இல்லை என்று வச்சிரநாதர் முத்திரை வைத்திருக்கிறார்” என்றான் உலகளந்தான்.

“ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதாதா?”

“போதும் என்றுதான் சமையற்காரனும் நினைத்தான். அடியேன் கண்டித்தேன். சங்கிலி வளையங்கள் தனித்தனியாக அடித்தவை, அரசே. அங்கே ஒன்றைப் பார்த்து ஒன்றை நம்பினால் விழவேண்டியதுதான். இதுவோ ஒரே உலையில் வெந்தது. ஆனால் கட்டளை இரண்டுக்கும் ஒன்றாக அல்லவா இருக்கிறது?”

பசித்திருக்கிற ராஜா சிரிக்கமாட்டார். பசையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். மறுநாள் கட்டளை மாறியது. ஒரே பக்குவத்தில் ஒன்றாகச் செய்த பொருளில் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்தால் போதும் என்று ஆயிற்று. யானைகளைக் கட்டினார்கள், கூரையை மாற்றினார்கள், மகாராணி புடவை உடுத்தினாள். ஊரில் மட்டும் வச்சிரநாதருக்குப் ‘பருக்கைநாதர்’ என்று புதுப் பெயர் வந்துவிட்டது. கடைவீதியில் அவர் பல்லக்கு போனால் இரண்டு பேராவது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நசுக்கிக் காட்டினார்கள்.

அவமானப்பட்ட மனிதர் சும்மா இருப்பாரா? சபை கூடியபோது வச்சிரநாதர் எழுந்தார்.

“மகாராஜா, இந்த அரண்மனையில் முத்திரை இல்லாத பொருள் ஒன்று இருக்கிறது.”

“எது?”

“உலகளந்தானின் விசுவாசம். தங்கள் பெயரால் மடைப்பள்ளியில் உத்தரவு போட்டுத் தங்களைப் பட்டினி போட்டவன் அவன். இன்று சோற்றுப்பானைக்கு உத்தரவு போட்டவன் நாளை படைக்கு உத்தரவு போடமாட்டான் என்று எப்படி நம்புவது?”

அந்தச் சொல் ராஜாவின் புண்ணில் போய் விழுந்தது. “விசுவாசத்தைச் சோதிக்க முடியுமா?” என்று கேட்டார்.

“பொன்னைச் சோதிப்பது போலத்தான், மகாராஜா. உரைப்போம், இழுப்போம், காய்ச்சுவோம். அரத்தால் தோளில் உரைப்பது, கைகளைக் கட்டி இருபுறமும் மாடு பூட்டி இழுப்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை உள்ளங்கையில் ஏந்தச் செய்வது. போலியானால் கருகிப்போவான். மெய்யானால் மின்னுவான். அடியேனைவிட விசுவாசமுள்ளவன் இந்த நாட்டில் இல்லை என்பதால் மனம் கேளாமல் சொல்கிறேன்.”

உலகளந்தானைப் பிடிக்காத பிரதானிகள் எல்லாரும், ஆமாம், நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். ராஜா உலகளந்தானைப் பார்த்தார். அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவனோ தூணில் சாய்ந்து ஒரு கொட்டாவி விட்டான்.

“நாளைக் காலை” என்றார் ராஜா.

உலகளந்தான் வீட்டுக்குப் போனபோது செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. அவன் மனைவி செங்கமலம் துணிமணியை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். வண்ணார் வீட்டுக் கழுதை ஒன்று பக்கத்தில் நின்றது.

“கெளம்புங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லையத் தாண்டிடலாம். காவலுக்குக்கூட யாரும் வரல, தெருவெல்லாம் பாத்துட்டு வந்துட்டேன்.”

“உக்காரு, செங்கமலம். கால் வலிக்குது.”

“கால் வலிக்குதா? நாளைக்குக் கையே இருக்காது, காலப் பத்திப் பேசறீங்க! மாட்டப் பூட்டி இழுப்பாங்களாம், கடத்தெருவுல சொல்றாங்க. இத்தன வருசம் அந்த ஆளச் சிரிக்க வெச்சீங்களே, ஒரு வார்த்த சொன்னாரா?”

“அவரு விழுந்து அடிபட்டவரு.”

“விழுந்தா? ஊஞ்சல்லேர்ந்து விழுந்ததுக்கு உங்கள நெருப்புல போடணுமா?” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு ராஜாவும் வேணாம், அரமனையும் வேணாம். நீங்க முழுசா வேணும்.”

உலகளந்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லை தாண்டி, புது ஊரில் புது ராஜாவைப் பிடித்து, அவருக்கு என்ன சொன்னால் சிரிப்பு வரும் என்று மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பதை நினைத்தபோது பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. மூட்டையில் தலையை வைத்து, அப்படியே உட்கார்ந்த வாக்கில் கண்ணயர்ந்துவிட்டான். செங்கமலம் கழுதையை அவிழ்த்துக்கொண்டுபோய் வண்ணார் வீட்டில் விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை சபா மண்டபத்தில் உலை மூட்டியிருந்தது. இரும்புத் துண்டு நெருப்பில் கிடந்து சிவந்தது. உலகளந்தான் தானாக நடந்து வந்து வணங்கினான்.

“அரசே, அடியேன் தயார். ஆனால் சோதனையில் முறை தவறினால் முத்திரை செல்லாது என்பது தாங்கள் போட்ட சட்டம். பொன்னைச் சோதிப்பது போலவே என்னைச் சோதிப்பதாக வச்சிரநாதர் சொன்னார். பொன்னை எப்படிச் சோதிப்பது என்று சபையோர் ஒருமுறை பார்த்துக்கொண்டால், பிறகு குறை சொல்ல இடமிருக்காது.”

நியாயமாகத்தான் பட்டது. ராஜா தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். இவ்வளவு பேர் முன்னால் கைவரிசையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பை வச்சிரநாதர் விடுவாரா? மடியிலிருந்து கறுப்பு உரைகல்லை எடுத்தார். நுனியில் பொன் பதித்த உரையாணி ஒன்றை எடுத்துக் கல்லில் ஒரு கோடு இழுத்தார். அதன் பக்கத்திலேயே மோதிரத்தால் ஒரு கோடு இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டையும் பார்த்தார்.

“ஒன்பதேகால் மாற்று” என்றார்.

“அபாரம்!” என்றான் உலகளந்தான். “ஒரு சந்தேகம். சோதனை மோதிரத்துக்கு. தாங்கள் ஏன் முதலில் தங்கள் ஆணியை உரைத்தீர்கள்?”

வச்சிரநாதர் ஒரு புன்னகை புரிந்தார். “கோட்டைத் தனியாகப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. தனியாகப் பார்த்தால் பித்தளையும் பொன்னாகத்தான் தெரியும். ஆணியின் மாற்று எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மற்றதன் மாற்றுத் தெரியும்.”

“அந்த ஆணி எத்தனை மாற்றோ?”

“பத்தரை. சுத்தத் தங்கம். முதல் கோடு அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆணியை உரைக்காமல் பொருளை உரைப்பவன் வெறும் கற்றுக்குட்டி.”

உலகளந்தான் ராஜாவின் பக்கம் திரும்பினான். “கேட்டீர்களா, அரசே? என் விசுவாசத்தை உரைக்குமுன், பத்தரை மாற்று விசுவாசமுள்ள ஒருவரை முதலில் உரைத்தாக வேண்டும். அவர் தோள் எவ்வளவு கிழிந்தது, கை எவ்வளவு வெந்தது, எப்போது அலறினார் என்று பார்த்துக்கொண்டால்தானே, என்னுடையதைப் பக்கத்தில் வைத்து மாற்றுச் சொல்லலாம்? ஆணி யார் என்று சொல்லுங்கள். அவருக்குப் பிறகு அடியேன்.”

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வச்சிரநாதர் பக்கம் திரும்பினார்.

“வச்சிரநாதரே” என்றார் ராஜா மெதுவாக, “உம்மைவிட விசுவாசி நாட்டில் இல்லை என்று நேற்று நீர்தானே சொன்னீர்?”

வச்சிரநாதரின் கண் உலைக்குப் போய்விட்டுத் திரும்பியது. “விசுவாசிதான், மகாராஜா. ஆனாலும்… பத்தரை என்று சொல்லிக்கொள்ள நா கூசுகிறது. ஒரு… ஒன்பது இருக்கலாம்.”

ராஜா மந்திரியைப் பார்த்தார். “அடியேன் எட்டரைதான் இருப்பேன், பிரபு” என்றார் மந்திரி. தளபதி ஏழு என்றார், அதுவும் வெயில் காலத்தில்தான் என்றார். புரோகிதர், தமக்கு விசுவாசம் முழுக்க ஆண்டவனிடத்தில் போய்விட்டதால் இங்கே மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று விளக்கினார். பொக்கிஷ அதிகாரி கேட்பதற்கு முன்பே தாம் செம்பு என்று ஒப்புக்கொண்டார். நேற்று வரிசையாகத் தலையாட்டியவர்கள் எல்லாரும் இன்று வரிசையாக மாற்றுக் குறைந்தார்கள்.

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. “என் சபையில் பத்தரை மாற்று ஒருவர்கூட இல்லையா?”

“ஒருவர் இருக்கிறார், அரசே” என்றான் உலகளந்தான். “தங்களிடம் தங்களைவிட விசுவாசமாக யார் இருக்க முடியும்? தங்களுக்குத் தாங்கள் ஒருநாளும் துரோகம் நினைத்ததில்லை. கலப்படமே கிடையாது. ஆணி தாங்கள்தான். எழுந்து வந்து கையை நீட்டுங்கள். இரும்பு ஆறிவிடப்போகிறது.”

சிவந்த இரும்பை ராஜா பார்த்தார். தம் உள்ளங்கையைப் பார்த்தார். தளபதி வாளின் மேல் கை வைத்துக்கொண்டு, எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அப்புறம் ராஜாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார், சிரித்தார், சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊஞ்சலிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். “உலையை அணையுங்கள்!” என்று அதற்கிடையிலேயே சொன்னார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பக்கத்தில் அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார். “விளையாட்டு போகட்டும், உலகளந்தா. உண்மையில் உனக்கு என்மேல் விசுவாசம் உண்டா?”

“தெரியவில்லை, அரசே. நேற்று என் மனைவி மூட்டை கட்டிவிட்டாள். கழுதைகூட ஏற்பாடு செய்துவிட்டாள். எல்லை வரைக்கும் தடுக்க ஆளில்லை. ஆனாலும் இன்று காலை எழுந்து, கால் போன வழியில் நடந்தேன். இங்கேதான் வந்து நின்றது. அது விசுவாசமா, அலுப்பா என்று எனக்கே விளங்கவில்லை. தாங்கள் பார்த்து எத்தனை மாற்று வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.”

“உன் வீட்டுக்குக் காவல் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே” என்றார் ராஜா. பிறகு, ஏதோ தொலைந்துபோன சாமான் மடியிலேயே கிடந்தது போல, “தோன்றவே இல்லை” என்று இன்னொருமுறை சொன்னார். உலகளந்தானின் தோளில் கையை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

வச்சிரநாதருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்த ஆள் என்று ராஜாவுக்கும் தெரியும். முடியாததை முடியாது என்று தம்மிடம் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், அதுவும் அவர் உத்தியோகத்தில் சேர்த்தி என்று மட்டும் ஆணையிட்டார். அது அவருக்கு நெருப்பைவிடக் கஷ்டமாக இருந்தது என்று கேள்வி.

“உனக்கு என்ன வேண்டும்? கேள்” என்றார் ராஜா உலகளந்தானிடம். “முத்து மாலையா? கிராமமா?”

“தூங்க வேண்டும், அரசே. யாரும் எழுப்பாமல்.”

ராஜா மறுபடியும் சிரித்து, அப்படியே ஆகட்டும் என்றார். முத்து மாலையைத் தம் கையாலேயே அவன் கழுத்தில் போட்டார். ஆற்றோரம் ஒரு கிராமத்தையும் அவன் பேருக்கு எழுதச் சொன்னார். அவன் வீட்டுக்குப் போனான். செங்கமலம் அவன் கையிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாயை விரித்துப் போட்டாள். படுத்த மாத்திரத்தில் உறங்கிவிட்டான்.

கண் அசந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது. வாசலில் டம டமவென்று முரசு அதிர்ந்தது. கூடவே கொம்பும் ஊதினார்கள். செங்கமலம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அரண்மனை முரசறைபவன் தன் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தான். தெருவே கூடிவிட்டது.

“என்னய்யா இது, வீட்டு வாசல்ல? அவரு இப்பத்தான் படுத்தாரு!”

“மகாராஜா உத்தரவும்மா. சபையில அவருக்குக் குடுத்த பரிசு, ஊரறிய அறிவிக்கணுமாம்.” அவன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினான். “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், விகடர் உலகளந்தான் தூங்கும்போது அவரை யாரும் எழுப்பக் கூடாது! எழுப்பினால் தண்டனை!”

உள்ளே உலகளந்தான் எழுந்து உட்கார்ந்திருந்தான். செய்தி கேட்டு ராஜா மூன்றாம் முறையும் சிரித்தார், அவரோடு ஊரும் சிரித்தது. உலகளந்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “அந்தக் கொம்பு ஊதுறவருக்கு மோரு குடு, செங்கமலம், பாவம், அவரும் நடந்து வந்திருக்காரு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்தான்.